மெலேதாத் தீவின் நோய்

பிரெஞ்சு மொழியில் 'மால்' என்று ஒரு சின்னச் சொல் உண்டு. தலைவலி என்றால் 'மால் த தெத்'. கப்பலில் குமட்டினால் 'மால் த மேர்'. சொந்த ஊர் நினைவு வாட்டினால் 'மால் து பேயி'. நோய், வலி, தீமை, தொல்லை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். எங்கள் வகுப்பில் திக்தே சொல்லித் தரும் முசியே, "இந்தச் சொல் தனியாக வராது, பின்னால் யாரையாவது கூட்டிக்கொண்டுதான் வரும்" என்பார். அறுபது வருடம் கழித்து அது என் மைத்துனனைக் கூட்டிக்கொண்டு வந்தது.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் பழைய புதுச்சேரிக் கதைகளை எழுதுவேன். இந்த முறை வீட்டு விஷயம், அதோடு கொஞ்சம் விஞ்ஞானம். மைத்துனனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மாமா, பேரு மட்டும் வேணாம்" என்றான்.

என் மனைவிக்குக் கடைசித் தம்பி அவன். வயது ஐம்பத்தெட்டு. பிறந்த சில மாதங்களிலேயே அவனுடைய உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தடிக்க ஆரம்பித்ததாம். பள்ளிக்கூடம் போகும் வயதில் அது மஞ்சள் நிறத்தில் மெழுகு போலக் கெட்டியாகி, கையின் புறத்துக்கும் ஏறி, மணிக்கட்டில் ஒரு கோடு போட்டதுபோல நின்றுவிட்டது. கையுறை மாட்டியதுபோல இருக்கும். மார்கழியில் வெடிக்கும், ரத்தம் வரும். சித்திரையில் வியர்வையில் ஊறி ஒரு வாடை வரும். அந்த வாடைதான் அவனை வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுச் சைக்கிள் கடையில் சேர்ந்தான். பிறகு சொந்தமாக டூவீலர் ரிப்பேர் கடை வைத்தான். ஏன் இந்தத் தொழில் என்று ஒருமுறை கேட்டேன். "இங்க எல்லார் கையும் கறுப்புதான் மாமா, யாரும் உத்துப் பாக்க மாட்டாங்க" என்றான்.

ஊரில் என்னென்னவோ சொன்னார்கள். சாபம் என்றார்கள், கர்ப்பத்தில் கிரகணம் பட்டது என்றார்கள். 'பெருநோய்' என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. சூடு குளிர் தெரிகிறதா என்று தொட்டுப் பார்த்து, "உணர்ச்சி நல்லா இருக்கு, தொழுநோய் இல்லை" என்று ஒரு வயதான டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்த சீட்டை அவன் அம்மா சாகும்வரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அதற்குப் பிறகும் அவன் கையிலிருந்து சில்லறை வாங்கும்போது விரலைக் குவித்து வாங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

போன வருடம் அவன் வேறு ஒரு வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போனான். கைரேகை எந்திரம் அவன் விரலை ஏற்கவில்லை. "கையைக் கழுவிட்டு வாங்க" என்று மூன்று முறை அனுப்பினார்கள். நான் போய் நின்று, கண்ணின் கருவிழியைப் பதிவு செய்து வேலையை முடிக்க வழி இருக்கிறது என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் முடிந்தது. நாற்பது வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். விதியில் இருக்கும் விலக்கைத் தேடிப் பார்க்காமல் ஆளைத் திருப்பி அனுப்புவது எனக்குப் பிடிக்காது.

அன்றைக்குத்தான் அவனை வலுக்கட்டாயமாக ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இளவயது டாக்டரம்மா. கையைத் தன் கையில் எடுத்துப் பார்த்தார், உறை போடாமல். மைத்துனன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்பா அம்மா உறவா என்று முதல் கேள்வி கேட்டார். ஆமாம், என் மாமியார் தன் தாய்மாமனையே கட்டிக்கொண்டவர். நம் பக்கத்தில் சாதாரணம். ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். சில வாரம் கழித்து வந்த ஆங்கில அறிக்கையின் நடுவே மூன்று பிரெஞ்சுச் சொற்கள்: 'மால் த மெலேதா'.

"மெலேதா யாரு மாமா? கண்டுபிடிச்ச டாக்டரா?" என்றான் மைத்துனன்.

மெலேதா ஆள் இல்லை, ஊர். அட்ரியாட்டிக் கடலில், இன்றைய குரோவேசியாவில், துப்ரோவ்னிக் நகரத்துக்கு அருகில் இருக்கும் ஒரு தீவு. இப்போது அதன் பெயர் 'ம்ல்யெத்'. மெலேதா என்பது இத்தாலியப் பெயர். அந்தக் காலத்தில் துப்ரோவ்னிக் நகரம் ரகூசா என்ற பெயரில் தனிக் குடியரசாக இருந்தது. கப்பல் வாணிபத்தில் செழித்த ஊர். கொள்ளைநோய் வரும் பகுதிகளிலிருந்து வருகிறவர்களை ஊருக்குள் விடாமல் முப்பது நாள் வெளியில் தங்கவைக்கவேண்டும் என்று 1377-ல் சட்டம் போட்டவர்கள் அவர்கள்தான். பின்னால் அது நாற்பது நாளாகி, நாற்பது என்ற சொல்லிலிருந்தே 'கரான்தேன்' என்ற பிரெஞ்சுச் சொல்லும், கொரோனாக் காலத்தில் நாம் நாள்தோறும் கேட்ட குவாரண்டைனும் வந்தன. 1397-ல் அப்படித் தங்கவைக்க அவர்கள் குறித்த இடங்களில் ஒன்று மெலேதாத் தீவின் மடாலயம். ஏற்கெனவே 'நோய்க்காரர்களை விடும் தீவு' என்ற பெயர். அந்தத் தீவில் சில குடும்பங்களுக்குக் கையும் காலும் தடித்திருந்தால் ஊர் என்ன நினைக்கும்?

ரகூசா மருத்துவர் லூக்கா ஸ்துல்லி என்பவர் 1826-ல் ஃபிளாரன்ஸ் பத்திரிகை ஒன்றின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். மெலேதாவில் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இந்தத் தோல் தடிப்பு வருகிறது என்று அதில் விவரித்தார். இந்த நோயைப் பற்றிய முதல் பதிவு அதுதான். (ஒரு சின்னக் குறிப்பு: ரகூசாக் குடியரசை 1808-ல் கலைத்தவர் நெப்போலியனின் தளபதி மார்மோன். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஆண்ட அதே வருடங்களில் நம் புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக் கொடி அங்கே பறந்தபோது இங்கே இறங்கியிருந்தது.)

ஸ்துல்லிக்கு எழுபது வருடம் கழித்து ஹோவோர்கா என்ற மருத்துவர் அந்தத் தீவைப் பற்றி எழுதும்போது, இதுவரை அறியப்படாத ஒரு தொழுநோய் மையம் என்றே எழுதினார். டென்மார்க்கைச் சேர்ந்த தொழுநோய் வல்லுநர் ஏலர்ஸும் அவரும் சேர்ந்து அடுத்த ஆண்டே, 1897-ல், இது தொழுநோய் அல்ல என்று மறுகட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பே 'மால் த மெலேதா'. எழுதியதைத் திருத்திக்கொள்ளும் அந்தப் பெருந்தன்மை எல்லாக் காலத்திலும் அரிது. தீவுக்காரர்களுக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டால், தொழுநோய்ப் பெயர் போய்த் தங்கள் ஊர்ப் பெயரே நோய்க்குப் பெயராகிவிட்டது. புதுச்சேரிக் காய்ச்சல் என்று ஒன்றை உலகம் முழுக்கச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

சரி, இந்த நோய் எதனால்? டாக்டரம்மா அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினார். வீட்டுக்கு வந்து பேரனின் உதவியோடு நானும் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்த விதத்தில், அலுவலக பாஷையில் சொல்கிறேன்.

நம் மேல்தோல் ஓயாத ஒரு தொழிற்சாலை. அடியில் புதிய செல்கள் பிறந்து, மேலே ஏறி, ஏற ஏறத் தட்டையாகி, கெரட்டின் என்ற கெட்டிப் புரதத்தால் நிரம்பி, கடைசியில் உயிர்விட்டு உதிர்கின்றன. ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மாதம். எத்தனை பிறக்கவேண்டும், எப்போது முதிரவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று யாராவது சொல்லவேண்டும் இல்லையா? மூளையிலிருந்து உத்தரவு வருவதில்லை. செல்கள் தங்களுக்குள்ளேயே தபால் அனுப்பிக்கொள்கின்றன. ஒரு செல் ஒரு புரதத்தைச் செய்து வெளியே சுரக்கிறது. அதுதான் தபால். பக்கத்துச் செல்லின் மேற்பரப்பில் அதை வாங்கிக்கொள்ள ஓர் 'ஏற்பி' இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இன்வர்டு கிளார்க் உட்கார்ந்திருப்பாரே, அதுபோல. அவர் வாங்கி முத்திரை குத்தி உள்ளே அனுப்பினால்தான் கோப்பு நகரும்.

மெலேதா நோயில் காணாமல் போன தபாலின் பெயர் ஸ்லர்ப்-1. பெயர் சூப்பை உறிஞ்சும் சத்தம்போல இருக்கிறதே என்று பேரன் சிரித்தான். 81 அமினோ அமிலங்கள் மட்டும் உள்ள மிகச் சிறிய புரதம். மேல்தோலின் மேல் அடுக்கில், சாவதற்குச் சற்று முந்தைய நிலையில் இருக்கும் செல்கள் இதைச் சுரக்கின்றன. மனித ரத்தத்திலும் சிறுநீரிலும் இருந்து இதைப் பிரித்தெடுத்து 1999-ல் விவரித்தார்கள். அப்போது இது எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் கழித்து, 2001-ல், பிரான்சில் பணிபுரிந்த ஜூடித் ஃபிஷர் குழுவினர் அல்ஜீரியா, குரோவேசியா நாடுகளின் குடும்பங்களை ஆராய்ந்து, எட்டாவது குரோமோசோமின் நுனியில் இந்தப் புரதத்துக்கான மரபணுவில்தான் பிழை இருக்கிறது என்று காட்டினார்கள். மெலேதாவின் நோய் மெலேதாவில் மட்டும் இல்லை. உறவில் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள பல ஊர்களில் அங்கங்கே இருக்கிறது.

இந்தத் தபாலை வாங்கிக்கொள்ளும் ஏற்பி எது என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த கதை இருக்கிறது. அதன் பெயர் நிகோட்டினிக் ஏற்பி. ஆமாம், புகையிலை நிகோட்டின்தான். நிகோட்டின் என்ற பெயர் ழான் நிக்கோ என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து வந்தது. போர்ச்சுகலில் பிரான்சின் தூதராக இருந்தபோது, 1560-ல், புகையிலையை மருந்து என்று நம்பிப் பிரெஞ்சு அரண்மனைக்கு அனுப்பியவர். தூதர் என்பதைவிட எனக்கு அவர் அகராதிக்காரர். பிரெஞ்சு மொழியின் முதல் பெரிய அகராதிகளில் ஒன்று அவர் தொகுத்தது; அவர் இறந்தபின் 1606-ல் வெளிவந்தது. அவ்வளவு சொற்களைச் சேர்த்த மனிதரின் பெயர் கடைசியில் பீடி நஞ்சோடு ஒட்டிக்கொண்டதே என்று எனக்கு வருத்தம் உண்டு.

உடம்பில் இந்த ஏற்பி நிகோட்டினுக்காக உண்டானது அல்ல. அசிட்டைல்கோலின் என்ற நம் சொந்த ரசாயனத்துக்காக உண்டானது. நரம்பு தசையைப் பார்த்து 'சுருங்கு' என்று சொல்வது இந்த ரசாயனத்தின் மூலம்தான். அமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவும் குராரே என்ற நஞ்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில்தான் வேலை செய்கிறது என்று பாரிசில் க்ளோத் பெர்னார் கண்டுசொன்னார். எங்கள் பள்ளிப் பாடத்தில் அவர் படம் இருந்தது. கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர் நிகோட்டினையும் குராரேயையும் தசையில் செலுத்திப் பார்த்து, செல்லின் மேல் 'ஏற்கும் பொருள்' ஒன்று இருக்கவேண்டும் என்று 1905-ல் எழுதினார். ஏற்பி என்ற எண்ணம் பிறந்த இடங்களில் அது ஒன்று. ஆனால் அந்தப் பொருளைக் கையில் பிடிக்க அறுபத்தைந்து வருடம் ஆனது. பிடித்துக் கொடுத்தது ஒரு பாம்பு.

நம் கட்டுவிரியனுக்குத் தாய்வான் தீவில் ஓர் உறவுப் பாம்பு உண்டு, உடம்பு முழுக்கப் பட்டை பட்டையாக. அதன் நஞ்சிலிருந்து தைப்பேயில் சாங், லீ என்ற இருவர் 1963-ல் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது நிகோட்டினிக் ஏற்பியில் போய் உட்கார்ந்தால் எளிதில் எழுந்திருக்காது. கட்டுவிரியன் கடித்தவருக்கு இமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சு நிற்பது எதனால் என்பது அதில் தெரிகிறது. இன்வர்டு கிளார்க்கின் நாற்காலியை வேறொருவன் பிடித்துக்கொண்டு தபாலை வாங்க மறுத்தால் அலுவலகம் நின்றுவிடும் அல்லவா? பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் ழான் பியேர் ஷான்ழே, தைப்பே லீயோடு சேர்ந்து, அந்த நஞ்சையே தூண்டிலாக வைத்து, மின்விலாங்கு மீனின் மின் உறுப்பிலிருந்து 1970-ல் அந்த ஏற்பியை அடையாளம் கண்டார். நான் அப்போதுதான் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் கேட்டேன். தோல் செல்கள் நரம்பின் உதவி இல்லாமலே அசிட்டைல்கோலினைத் தாங்களே தயாரிக்கின்றன என்றும், அவற்றின் மேலும் நிகோட்டினிக் ஏற்பி இருக்கிறது என்றும் 1990-களில் கிராண்டோ குழுவினர் அமெரிக்காவில் காட்டினார்கள். அடுத்த ஆச்சரியம், ஸ்லர்ப்-1 புரதத்தின் உருவம். மூன்று விரல் நீட்டிய கைபோல இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன் நஞ்சில் உள்ள புரதங்களுக்கும் அதே மூன்று விரல் உருவம்! டாக்டரம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எது எது என்று எனக்குத் தெரியவில்லை. பாம்புதான் தன் உடம்பில் இருந்த இந்த வகைப் பழைய புரதத்தைக் காலப்போக்கில் நஞ்சாக மாற்றிக்கொண்டது என்கிறார்கள். இதைக் கேட்டதும் மைத்துனன், "அப்ப எல்லாருக்கும் உள்ள பாம்பு வெஷம் எனக்கு மட்டும் இல்லையா டாக்டர்?" என்றான். அவர் சிரித்துவிட்டார். ஆனால் கேள்வி அவ்வளவு தப்பில்லை.

வேறுபாடு ஒன்று உண்டு. நஞ்சு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. ஸ்லர்ப்-1 உட்காருவதில்லை. பக்கத்தில் நின்று, கிளார்க்கின் வேகத்தை மாற்றுகிறது. 2003-ல் நடந்த சோதனையில் அது ஏற்பியின் வேலையைக் கூட்டுகிறது என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் குறைக்கிறது என்றார்கள். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் முடிவில் தீர்ப்பு ஒன்றுதான்: அந்தப் புரதம் இருந்தால் செல்கள் ஒழுங்காக முதிர்ந்து, நேரத்துக்கு ஓய்வு பெறுகின்றன. இல்லாவிட்டால் குவிகின்றன. அந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்குப் பாதங்கள் தடித்ததை 2014-ல் வெளியிட்டார்கள்.

ஸ்லர்ப்-1-க்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு, ஸ்லர்ப்-2. அண்ணன் 'முதிர்ந்து ஓய்வெடு' என்றால் தம்பி 'இப்போதே என்ன அவசரம்' என்பவன். சோரியாசிஸ் தோலில் இந்தத் தம்பி அதிகமாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். சோரியாசிஸில் வேறொரு தபாலும் அளவுக்கு மீறி வருகிறது, இன்டர்லூகின்-17. அந்தத் தபாலை நடுவழியில் பறிக்கும் செக்யூகினுமாப் என்ற ஊசி 2015 முதல் வழக்கத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் சிலருக்கே அதைப் போட்டிருப்பார்கள். விலைதான் கேட்கக்கூடாது. அங்கே தபால் கூடுதல், மைத்துனனுக்குத் தபாலே இல்லை. கூடுதலாக வருவதைத் தடுக்க மருந்து வந்துவிட்டது. வராததை வரவழைக்கும் மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் வெளியே சுரக்கும் புரதம் என்பதால், செல்லுக்குள் நுழையாமல் வெளியிலிருந்தே பூசிக் கொடுக்க முடியலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. அதுவரை யூரியா களிம்பு, சாலிசிலிக் களிம்பு, வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டுவது, தேவையானால் அசிட்ரெட்டின் மாத்திரை. மாத்திரையில் நன்றாகக் குறைகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. நாலு மாதமாக அவன் கையில் வெடிப்பு இல்லை.

இதெல்லாம் நான் ஏன் இவ்வளவு ஊன்றிப் படித்தேன் என்றால், காரணம் கல்யாணம்.

மைத்துனனுக்கு ஒரே பெண். வயது இருபத்தேழு. எம்.காம். முடித்து ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அவளுக்குக் கையில் ஒன்றும் இல்லை. அவள் கை அவள் அத்தை கைபோல அழகு. இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வீட்டார் வந்தபோது மைத்துனன் தாம்பூலத் தட்டை நீட்டினான். மாப்பிள்ளையின் தந்தை தட்டை வாங்காமல், "அங்க வைங்க" என்றார். மறுநாள் தரகர் போன் செய்து, "கை விஷயம்தான்" என்றார். அன்றிரவு மைத்துனன் எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தான். அடுத்த முறை யாராவது வந்தால் தான் கடையிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னான்.

அவன் போனபிறகு என் மனைவி கேட்டாள். "என்னங்க, வெளியில எதுக்கு அலையணும்? நம்ம சின்னவன் இருக்கானே. அத்தை பையன், மாமன் பொண்ணு, முறைதானே. என் தம்பி கையை நாம அருவருக்கப் போறதில்ல."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. சின்னவனுக்கும் அந்தப் பெண்மேல் விருப்பம் உண்டு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பெங்களூரிலிருந்து வந்தால் முதல் வேலையாக மாமன் கடையில் வண்டியை விடுவான். வண்டியில் பழுது இருக்காது.

நான் பதில் சொல்லாமல் ஒரு காகிதத்தை எடுத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. "கல்யாணப் பேச்சுல கூட்டல் கழித்தலா?" என்றாள். கூட்டல் கழித்தல் இல்லை, பெருக்கல்.

ஒவ்வொரு மரபணுவுக்கும் நம்மிடம் இரண்டு பிரதி உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதியில் பிழை இருந்தாலும் மற்றொன்று நன்றாக இருந்தால் ஸ்லர்ப்-1 வேலைக்குப் போதுமானது. அப்படிப்பட்டவர் பிழையைச் சுமப்பார், நோய் வராது. என் மாமனார் மாமியார் இருவரும் அப்படிச் சுமந்தவர்கள். மைத்துனனுக்கு இரண்டு பிழைப் பிரதியும் வந்துவிட்டன. அதனால் அவன் பெண் நிச்சயம் ஒன்றைச் சுமக்கிறாள். வேறு பிரதி எதையும் கொடுக்க அவனிடம் இல்லை. என் மனைவிக்கு நோய் இல்லை. எனவே அவள் சுமப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அதில் பாதி சின்னவனுக்கு: மூன்றில் ஒன்று. இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒன்று. பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று.

அதே பெண்ணை உறவில்லாத வெளி வீட்டில் கொடுத்தால், அந்தப் பையனும் இந்த அரிய பிழையைச் சுமக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அதாவது, தட்டை வாங்காமல் போனாரே அந்த மனிதர், அவர் வீட்டுக்கு அந்தப் பெண் போயிருந்தால் பேரக்குழந்தைகளுக்குப் பயப்பட அநேகமாக ஒன்றுமே இல்லை. கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் எங்கள் வீட்டில்தான் பன்னிரண்டில் ஒன்று. இந்தக் கணக்கை எழுதி முடித்து வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டில் ஒன்று பெரிதா, சிறிதா? என் மனைவி, "பதினொண்ணு நல்லாத்தானே இருக்கும்" என்றாள். மைத்துனன் அப்படிச் சொல்லவில்லை. காகிதத்தை அவனிடம் காட்டியபோது அந்தப் பன்னிரண்டின்மேல் தன் தடித்த விரலை வைத்து, "அந்த ஒண்ணு நான்தானே மாமா" என்றான். பிறகு, "வேணாம்" என்றான்.

டாக்டரம்மாவிடம் திரும்பவும் போனோம். அவர் என் காகிதத்தைப் பார்த்து, கணக்கு சரி என்றார். (நாற்பது வருடம் மேலதிகாரிகள் யாரும் என் கணக்கைப் பார்த்து அப்படி முகம் மலர்ந்து சொன்னதில்லை.) ஆனால் வாய்ப்புக் கணக்கில் நிற்கத் தேவையில்லை, நேராகவே பார்த்துவிடலாம் என்றார். மைத்துனனின் பிழை எந்த எழுத்தில் என்று தெரிந்துவிட்டதால் அந்த ஓர் இடத்தை மட்டும் சின்னவனின் ரத்தத்தில் பார்த்தால் போதும். இல்லையென்றால் பன்னிரண்டில் ஒன்று பூஜ்யமாகிவிடும். இருந்தால் அது நாலில் ஒன்றாகிவிடும். அப்போதும் முடிவு அவர்கள் இருவருடையது, பெரியவர்களுடையது அல்ல என்று மெல்லிய குரலில் சொன்னார். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அதில் உடன்பாடுதான்.

சின்னவனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்துப் பேசத் தெரியாதவன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அவகிட்ட சொல்லிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டான். அவளுக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அப்பாவின் அறிக்கையை அவள்தான் முதலில் படித்தவள். எம்.காம். படித்த பெண்ணுக்கு என் பெருக்கல் எதற்கு?

ரத்தம் கொடுக்க அடுத்த வாரம் வருவதாகச் சின்னவன் சொன்னான். அதற்குள் என் மனைவி குறுக்கே வந்தாள். "முதல்ல என் ரத்தத்தை எடுங்க" என்றாள். அவளிடம் பிழை இல்லையென்றால் பையனிடம் இருக்காது, அவனுக்குச் சோதனையே வேண்டாம் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கும் சரிதான். இருந்தால், அது தன்னிடமிருந்து வந்தது என்பதைப் பையனுக்கு முன்னால் தான் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதும் அதில் இருந்ததாக எனக்குப் பட்டது. நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கொடுத்தாள். ஊசி என்றால் பயப்படுகிறவள், தம்பி பக்கத்தில் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அறிக்கை வர மூன்று நான்கு வாரம் ஆகுமாம். வந்ததும், இரண்டு பிள்ளைகளும் சம்மதித்தால், எழுதுகிறேன்.